நாகலூருக்கு மட்டும்

நேற்றுவரை நாகலூர் நர்ஸ் திறந்தால்
மஞ்சக்குட்டையின் இருமலும் தெரியும்.
மாத்திரையைப் பாதியில் விட்டவர்,
வீட்டுக்குத் தெரியாமல் விழுங்குபவர்,
ஏற்காட்டு மலையின் காசம் மொத்தமும்
ஒரே பட்டியலில்.

இன்று ஒரு வரி சேர்த்தேன்:
உள்ளே வருபவருக்கு எந்த ஊரோ
அந்த ஊர்ப் பதிவு மட்டும்.

நானூற்றுப் பன்னிரண்டு
பதினேழாகச் சுருங்கியது.
"மத்தவங்கள அழிச்சிட்டியா தம்பி?"
பதறினார் சலேத்மேரி.
இருக்காங்கக்கா. உங்களுக்கு இல்ல, அவ்வளவுதான்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்ப எந்தங்கச்சி பேரு
செம்மடுவுக்காரிக்குத் தெரியாதுல்ல?"

சேலம் இறங்கும் கடைசி பஸ்.
இருபது கொண்டை ஊசி.
சோதிக்கையில் படித்த பெயர்கள்
திருப்பத்துக்குத் திருப்பம் என் தோளில் சாய்கின்றன.
எனக்கு எந்த ஊர் என்று
இன்னும் எழுதவில்லை.