இரண்டாவது ஹெச்

குன்னூருக்கு இங்கிலீஷில் நாலு ஓ.
எந்த ஜோசியர் கணக்குப் போட்டுக் கொடுத்தாரோ,
எந்த வெள்ளைக்காரன் குளிரில் வாய்குளறி எழுதினானோ,
நாலும் நாலு முட்டையாக
நகராட்சிப் பலகையில் உட்கார்ந்திருக்கின்றன.
பலகைக்குக் கீழே பிறப்பு இறப்புப் பிரிவு.
மூன்றாம் ஜன்னலில் நான்.

பதினோரு வருஷமாகப் பெயர் தட்டுகிறேன்.
ஒரு ஏ போதாதென்று மூன்று ஏ கேட்பார்கள்.
கேரட் லாரி முதலாளி ஒருவர்
கூட்டுத்தொகை ஐந்து வரவேண்டுமென்று
பேரன் பெயர் நடுவே ஒரு டபிள்யூ வைத்தார்,
கோத்தகிரி ரோட்டில் காட்டெருமை நிற்பதுபோல.
ஹாரன் அடித்தால் நகராது.
நாம்தான் சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

நான் வாதாடுவதில்லை.
மங்கையர்க்கரசி என்று எனக்கு வைத்தவர்கள்
கட்டம் எண்ணிப் பார்த்தா வைத்தார்கள்?
ரேஷன் கார்டில் நான் மங்கையர்க்.
வங்கியில் எம். அரசி.
கேஸ் புத்தகத்தில் இருப்பவள் யாரென்றே தெரியாது,
அவள் சிலிண்டரில்தான் சமைக்கிறேன்.

தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை.
உறைபனி இளகித் தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.
கட்டபெட்டிலிருந்து ஒரு ஜோடி.
பிரதீபனுக்கு டீ ஃபேக்டரியில் டிரையர் பக்கம் வேலை,
சட்டை மடிப்பெல்லாம் தூள் வாசம்.
சுகந்தினி கையில்
கம்பளித் தொப்பியும் அதற்குள் ஒரு மூக்கும்.

'பெயர்?'
'எழினி.'
அப்பாடா, அஞ்சு நொடி வேலை.
இ, இசட், ஹெச்...
'இன்னொரு ஹெச்' என்றான்.
'அதான் போட்டாச்சே.'
'அது ழகரத்துக்குங்க. இது பாப்பாவுக்கு.'

நியூமராலஜியா என்றேன். இல்லையாம்.
'வாய்க்குள் நுழையாதுப்பா,
படிக்கிறவன் தடுக்கி விழுவான்.'
'விழட்டும்' என்றாள் சுகந்தினி.
அதுவரை அவள் பேசவே இல்லை.

பிறந்தபோது அழவில்லையாம்.
நர்ஸ் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாராம்.
சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள்
ரெண்டு கோடு தாண்டிவிட்டது.
மூன்றாவதைத் தொடப் போகையில்
ஒரு சத்தம். அழுகைகூட இல்லை.
பஸ் கண்ணாடியில் ஊதி
விரலால் எழுதுவோமே, அந்த ஊதல்.
ஹ்.
அப்புறம்தான் வீல் என்றதாம்.

'அதை எங்கயாவது எழுதி வைக்கணும்ல' என்றான்.
'ஃபாரத்துல தேடிப் பார்த்தேன், கட்டமில்லை.'

கட்டமில்லைதான்.
எடைக்கு உண்டு, மதத்துக்கு உண்டு,
அம்மா எதுவரை படித்தாள் என்பதற்கு உண்டு.
அந்த ரெண்டரை நிமிஷத்துக்கு
எந்தத் துறையும் இடம் ஒதுக்கவில்லை.

தட்டினேன்.
கம்ப்யூட்டர் அடியில் சிவப்பு நெளிகோடு போட்டது.
போடட்டும், அது என் பெயருக்கும்தான் போடும்.
தமிழ்ப் பக்கம் எழினி, மூன்றே எழுத்து,
ஒன்றுமே நடக்காததுபோல.
இங்கிலீஷ் பக்கம் ஹெச்சும் ஹெச்சும்
ஒற்றைப் படி வைத்த இரண்டு ஏணிகளாக
ஒட்டி நின்றன.

ஸ்கூலில், பாஸ்போர்ட் ஆபீசில்,
ஏதோ ஊர் ஹோட்டல் மேஜையில்
'ரெண்டு ஹெச், ரெண்டு ஹெச்' என்று
ஆயிரம் தடவை சொல்லி அலுக்கப் போகிறாள்.
பதினெட்டு வயதில் எரிச்சல் பட்டு
கெஜட்டில் கொடுத்து ஒன்றைத் தூக்கியும் விடலாம்.
அது அவள் பாடு.

கண்காணிப்பாளர் சாயங்காலம் சரிபார்க்க வருவார்.
அதிகப்படி எழுத்தைச் சுழிப்பதில்
மனிதருக்கு அப்படி ஒரு ருசி.
குறிப்பு என்றொரு பத்தி இருக்கிறது பதிவேட்டில்,
பதினோரு வருஷமாக நான் தொடாத பத்தி.
அதில் எழுதினேன்:
பிழை அல்ல.

டீக்கு வெளியே வந்தால்
பஸ் ஸ்டாண்டில் பனி இறங்கிவிட்டது.
மேட்டுப்பாளையம் மேட்டுப்பாளையம் என்று கத்துகிற கண்டக்டர்,
வர்க்கி விற்கிறவர்,
மப்ளருக்குள் எதையோ முணுமுணுத்தபடி
படியேறி வரும் கண்காணிப்பாளர்,
எல்லார் வாயிலிருந்தும்
அந்த எழுத்து
வெள்ளையாக வந்துகொண்டிருந்தது.