பக்கம் முப்பத்தொன்று

நாற்பத்தெட்டு ரூபாய்க்கு
ஸ்பைரல் போட்டு வாங்கிய நாடகத்தில்
முப்பதுக்குப் பிறகு முப்பத்திரண்டு.

முப்பதின் கடைசி வரியில்
குடைக்குள் நிற்கும் இருவரில் ஒருவன்
நனைந்துவிட்டாயா என்கிறான்.
முப்பத்திரண்டின் முதல் வரியில்
செவ்வாய்க்கிழமை என்கிறான் மற்றவன்.
மேடையில் மழை கிடையாது.
மூன்று அங்கத்திலும் கிடையாது.

எழுபது பேர் வகுப்பில்
ஒருத்தரும் கவனிக்கவில்லை.
எனக்கே இரண்டாவது வாசிப்பில்,
ராயபுரம் பாலத்தில் பஸ் நின்றபோதுதான் தெரிந்தது.
பெனாசிரின் பிரதியிலும் இல்லை,
அதே கடை, அதே மெஷின்.
நூலகத்தின் மூலப் பிரதி
இரண்டாயிரத்துப் பதினொன்றிலிருந்து வெளியே போயிருக்கிறது.
எடுத்தவர் பெயர் என்ற கட்டத்தில்
'சார்' என்று மட்டும் இருக்கிறது.

மேடம் போர்டில் எழுதினார்:
அர்த்தமின்மை. தொடர்பின்மை. மொழியின் தோல்வி.
ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண்.
நான் சிரித்துவிட்டேன்.
எழுந்து நிற்கச் சொன்னார்.
எதற்குச் சிரிப்பு என்றார்.
செவ்வாய்க்கிழமை மேடம் என்றேன்.
அன்று வியாழன்.

உண்மையில் முதலில் வந்தது எரிச்சல்.
ரெண்டு ஆம்பளைங்க, ஒரு குடை,
யார் மடக்குவது என்று நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
வேலைவெட்டி இல்லாதவன் எழுதினது என்று
ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்.
பிறகு அழித்தேன்.
அழித்ததில் அச்சும் கொஞ்சம் போய்விட்டது.

சனிக்கிழமை ரேஷன் கடை.
அம்மா கட்டைவிரலை வைத்தாள்.
பொருந்தவில்லை.
புடவையில் துடைத்து வைத்தாள்.
என் துப்பட்டாவில் துடைத்து வைத்தாள்.
ஆள்காட்டி. நடுவிரல். இடது கை.
பதினாறு வருஷமாய்க் காசிமேட்டில்
ஐஸுக்குள் கைவிட்டு இறால் உரிக்கிறவள்.
ரேகையும் ஓட்டோடு போயிருக்க வேண்டும்.

"நீங்கதான் மேரி ஸ்டெல்லாவா?"
"நாந்தாம்பா."
"இல்லன்னுது மெஷினு."
"நீ பாக்கற இல்ல?"
"நான் பாக்கறேன்கா. மெஷின் பாக்கல."
"அப்ப அரிசி?"
"ஓடிபி வரும்."

ஓடிபி போனது அண்ணன் நம்பருக்கு.
அண்ணன் போனது கடலுக்கு,
எட்டு நாள் தங்கல்.
எண்ணூர் தாண்டி எங்கேயோ
ஆறு இலக்கமும்
சிக்னல் தேடிக்கொண்டிருக்கும்.

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.
பின்னால் நின்றவர் மட்டும்
நேரமாவுது என்றார்.
எதற்கு என்று அவர் சொல்லவில்லை.
காலிப் பையை நாலாய் மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள் அம்மா.
கொஞ்ச தூரம் போய்,
"நைட்டெல்லாம் படிக்கறியே, இன்னா கதை அது?"
சொன்னேன்.
"யாருது கொடை?"
தெரியவில்லை.
முப்பத்தொன்றில் இருந்திருக்கலாம்.

அன்றிரவு மூன்றாம் அங்கத்தைத் திரும்ப எடுத்தேன்.
குடையில் துணியே கிடையாதாம்.
வெறும் கம்பிகளாம், முதல் காட்சியிலிருந்தே.
இரண்டு பேருக்கும் தெரியுமாம்.
அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் இருந்ததால்
இரண்டு முறையும் தாண்டிப் போயிருக்கிறேன்.
தூங்குகிற அம்மாவின் கட்டைவிரலைப்
போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
மெஷின் பொய் சொல்லவில்லை.

பத்து மதிப்பெண் கேள்வி:
இந்நாடகத்தில் பொருளின்மை வெளிப்படுமாற்றைத்
தக்க சான்றுகளுடன் விளக்குக.
கம்பிகளைப் பற்றி எழுதினேன்.
மழை இல்லாதபோதும்
ஒருவன் மற்றவனுக்காகக் கொஞ்சம் நகர்ந்து
இடம் விடுவதைப் பற்றி எழுதினேன்.
அதைப் போர்டில் யாரும் எழுதிப்போடவில்லை.
பிறகு ஒரு பக்கத்தை வெறுமையாய் விட்டு
அடுத்ததில் தொடர்ந்தேன்.

கண்காணிப்பாளர் வந்து நின்றார்.
"பக்கம் விடக் கூடாதும்மா."
விடல சார், தொலைஞ்சுபோச்சு என்றேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
சிவப்புப் பேனாவால்
மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார்,
கையெழுத்துப் போட்டார்,
தேதி போட்டார்.
கிழமை போடவில்லை.