வகைப்பாட்டுப் பிழை

காலை பத்து நாற்பதுக்கு
தலைக்கு மேலே கடந்துபோனது.
கோப்பு இறங்கி முடிக்க ராத்திரி ஒரு மணி.
நாகமலைப் பக்கம் நெட் அப்படி.

தண்ணீருக்கு நீலம், பயிருக்குப் பச்சை,
படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.
வண்டியூர்க் கண்மாயில் பாதியை
நெல்வயல் என்றது.
மேலூர்க் கல்குவாரிப் பள்ளங்களைக்
கண்மாய்க் கணக்கில் சேர்த்திருந்தது,
பதினேழு.

விடிந்ததும் ஸ்கூட்டரில் போனேன்.
கரையிலிருந்து கண்ணெட்டும் மட்டும்
ஆகாயத்தாமரை.
அதன்மேல் ஒரு கொக்கு
நடந்தே போய்க்கொண்டிருந்தது.
எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதை
என்ன சொல்லித் திட்ட?

கட்டம் கட்டமாகச் சொடுக்கி
வயலை நீலமாக்கிவிட்டேன்.

குவாரியில்தான் கை நிற்கிறது.
தண்ணீர் பொய்யில்லை அங்கே,
ஆழம்கூட அதிகம்.
மடை இல்லை,
அவ்வளவுதான்.
மடைக்கு என் பட்டியலில்
நிறமும் இல்லை.