வெளியே கொடுக்கப்படாது

சாட்ஸ்வர்த்தில் ஜனவரி என்றால்
மெட்ரிக் முடிவு வந்த மறுநாள்தான்.
கதவு திறக்கும் முன்னே வரிசை
தபால் நிலையம்வரை போய்விடும்.
முன்னால் அம்மாக்கள்.
பின்னால் பிள்ளைகள், காதில் ஒயரைச் செருகிக்கொண்டு,
யாருக்கோ வேலை தேட வந்தவர்கள் மாதிரி.

எட்டுக் கணினி. இரண்டு செத்துவிட்டன.
ஆளுக்கு நாற்பது நிமிடம்.
நடுவில் மின்வெட்டு வந்தால் நாற்பதும் போச்சு,
மறுபடி பெயரெழுது தம்பி, மறுபடி நில்.
அரசாங்க வேலைப் படிவம்
கட்டுக்கட்டாக என் மேசையில் இருக்கிறது.
கறுப்பு மையில் நிரப்ப வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது.
'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் கெர்ஷ்னி
'இரண்டு தம்பிகளைப் பள்ளியில் விட்டு
அழைத்து வந்தேன், ஆறு வருடம்' என்று எழுதியிருந்தாள்.
வேறு படிவம் கொடுத்து மாற்றி எழுதச் சொல்லியிருக்கவேண்டும்.
முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன்.

அந்தக் கட்டிலிருந்து எனக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.
என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது.

மூன்றாம் அலமாரி, மேல்தட்டு:
தொழில் வழிகாட்டி, எட்டுத் தொகுதிகள்.
முதுகில் சிவப்புச் சீட்டு,
வெளியே கொடுக்கப்படாது.
பழைய பதிப்பு. டெலக்ஸ் இயக்க
அதில் இன்னும் ஆள் தேடுகிறார்கள்.
சம்பளத்தைப் படித்துப் பையன்கள் சிரிப்பார்கள்.
யாரோ ஒருவர் முதல் தொகுதியில்
தொழில் தொழிலாகப் பென்சிலில் குறித்துப் போயிருக்கிறார்:
கணக்கு வேண்டும். கணக்கு வேண்டும்.
சொந்தக் கார் வேண்டும். கணக்கு.
தேனீ வளர்ப்புக்கு எதிரே மட்டும்
பயம்.

ஐந்தாம் தொகுதியில் ஒரு பக்கத்தைக் காணோம்.
துறைமுக பைலட்: வெளிக்கடலில் காத்து நிற்கும்
கப்பல்மேல் கயிற்றேணியில் ஏறி
குறுகின வாய்க்கால் வழியாக
உள்ளே கொண்டுவருகிறவர்.
பிளேடு பட்ட தடம் இல்லை. கையால் கிழித்தது,
நடுவில் கோணி, ஒரு பெரிய இருமலின் நீளத்துக்கு.
எங்கள் ஜன்னலிலிருந்து கடல் தெரியாது.
நகல் எடுக்க ஒரு ராண்ட் ஐம்பது.
கொடுத்தால் டாக்ஸிக்குக் குறையும்.

புகார் எழுதவேண்டும், எழுதினேன்.
பிறகு நகரத்துப் பெரிய நூலகத்துக்கும் எழுதி
நகல் வரவழைத்து
பசை தடவி, மேலே அகராதி ஏற்றி, ஒட்டினேன்.
ஆகஸ்டில் மறுபடி போயிற்று.

எனக்குப் பூவேந்திரன்மேல் சந்தேகம்.
தினம் வருவான், ஒன்றும் கேட்கமாட்டான்.
செப்டம்பரில்தான் வாயைத் திறந்தான்:
டை கட்டுவதற்குப் புத்தகம் இருக்கா, அக்கா?
நாளைக்கு பேக்கரியில் நேர்காணல்.
அட்டவணை முழுக்கத் துழாவினோம். இல்லை.
வாசலில் காவல் நிற்கும் நொம்வேலா
தன் சீருடை டையைத் தளர்த்தி
முடிச்சு அவிழாமல் தலைவழி கழற்றி
அவன் கழுத்தில் மாட்டினாள்.
வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தா, என்றாள்.
பதிவேட்டில் ஏறாத இரவல்.
திங்கள்கிழமை வந்தது, மாவு வாசனையோடு.

ஆக, அவன் இல்லை. வேறு யாரோ.
என் இழுப்பறையில் இப்போது அந்தப் பக்கம்
பத்துப் பிரதி, என் காசில் எடுத்தது.
கேட்டால் கொடுத்துவிடுவேன் என்று
அலமாரியில் சீட்டும் ஒட்டினேன்.
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டால் அதுவும் ஒரு விண்ணப்பம்தானே.
இந்த வருடத்துக்கு
அவர்கள் போதுமான அளவு விண்ணப்பித்துவிட்டார்கள்.

நேற்று, மூடும் நேரத்தில், ஒரு பிரதியை எடுத்து
ஐந்தாம் தொகுதியில் மறுபடி ஒட்டினேன்.
இந்த முறை பசையைக்
கொஞ்சமாகத்தான் தடவினேன்.