பிரிந்ததா

கோலாவில் சூரியன் எட்டிப் பார்க்காத மூன்றாவது வாரம்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே, பிரிபுனலின் கழுத்தைப் பிடித்துக்
குலுக்கிக்கொண்டிருக்கிறேன்
ஒரு கிடா நாற்றத்தை.

கொழுப்பு அமிலம், மண்ணெண்ணெயில் கரைத்தது.
கொழுப்பு என்று பேர்தான்,
இதைவிடப் பணிவானதை நான் கண்டதில்லை.
தலைக்குத் தண்ணீர் வேண்டும், வாலுக்கு ஆகாது.
எல்லைக்கோட்டில் நின்றபடி
வருகிற உலோகத்தைக் கைப்பிடித்து
எண்ணெய்க்குள் கூட்டிப்போகும்.
சும்மா இல்லை,
தன் ஹைட்ரஜனைத் தண்ணீரில் விட்டுவிட்டுத்தான்.
தண்ணீர் புளிக்கப் புளிக்க
நான் காரம் சொட்டுவேன்.

இரும்புக்கு அவசரம், முதலில் ஏறிவிடும்.
எண்ணெய் கடுந்தேநீராகும்.
அதைக் கழித்தபின் தாமிரம்:
மயில்கழுத்து.
நிக்கலும் கோபால்ட்டும் கடைசிவரை அசையா.
அசைந்தால் இரண்டும் சேர்ந்தேதான் வரும்.
அந்த ஜோடியைப் பிரிக்க
இந்தக் கொழுப்புக்குத் தெரியாது.

"பிரிந்ததா?"
ஃபோனில் ஷிப்டு ஃபோர்மன் ஸவேலி.
"இல்லை. ஜெல்லிமீன்."
வேறு விளக்கம் அவருக்குத் தேவையில்லை.
எண்ணெயுமில்லாமல் தண்ணீருமில்லாமல்
நடுவில் பழுப்பாய்க் கொழகொழத்து
இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விழுங்கி
உட்கார்ந்திருப்பதற்கு
பட்டறையில் அதுதான் பெயர்.

ஏப்ரலில் எனக்கும் வெனியமினுக்கும்
விவாகரத்து முத்திரை குத்திவிட்டார்கள்.
வீட்டுமாற்று அலுவலகத்தில்
எங்கள் வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு.
அதுவரை அதே வீடு, இரண்டு அறை,
அவனுக்கொன்று எனக்கொன்று.
சமையலறையை யார் பேரிலும் எழுதவில்லை.
அங்கே ஒரு உப்பு ஜாடி.
ஒரு துவைக்கும் தொட்டி.
அவன் கொண்டுவந்த கறுப்பு ரொட்டியில்
நான் அறுத்துக்கொண்ட பாதி.

புனலை வெந்நீரில் நிறுத்தினேன்.
கண்ணாடிக் கோலால் மெல்லத் தொட்டேன்.
அடிக்கக் கூடாது, அடித்தால் பெருகும்
(முதல் வருஷம் அடித்துப் பார்த்தவள்தான் நான்).
நாலே காலுக்கு ஒரு கோடு
முடியிழைபோல்.
மேலே மயில்கழுத்து, கீழே வெளிர்பச்சை.

"பிரிந்தது."
"சுத்தமாகவா?"
"ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது."
"சுத்தம் என்றே எழுது, தாய்சியா."
எழுதினேன்.

பிறகு கந்தக அமிலம் விட்டுக் கழுவினேன்.
தாமிரம் கீழே இறங்கி நீலமாய் நின்றது.
கொழுப்பு வெறுங்கையோடு மேலே திரும்பியது,
அடுத்த குலுக்கலுக்கு.

ஆறரை மணி பஸ்.
கூட்டம் நெரிந்தும்
என் பக்கத்து இருக்கை வழக்கம்போலக் காலி.

வீட்டில் வெனியமின் முறைத்தான்.
ரொட்டிச்சாலையில் அவன் சட்டையை முகர்ந்து
ஆடு வளர்க்கிறாயா என்று கேட்கிறார்களாம்.
"உன்னுடையதைத் தனியாகத் துவை."
"தொட்டி ஒன்றுதானே இருக்கிறது."
கொஞ்ச நேரம் நின்றான்.
சட்டையைக் கழற்றி
என் மேலங்கி ஊறிய தண்ணீரிலேயே போட்டுவிட்டு
விளக்கை அணைக்காமல் போனான்.