தீக்குச்சியில் சுற்றியது

நியிபோலின் கணுக்காலில்
கொப்புளம் உடைந்து இன்று பதினோராம் நாள்.
வெள்ளை நூலாய் எட்டிப் பார்க்கிறது புழு.
இரண்டு விரற்கடை வந்தது.
தீக்குச்சியில் சுற்றிக் கட்டினேன்.

"ஒரேயடியாக இழுத்துத் தொலையேன், மாக்குவேய்!"
இழுத்தால் அறும்.
அறுந்தது உள்ளே சீழ் கட்டும்.
இதற்கு மருந்தென்று ஒன்றுமில்லை,
அவசரப்படாத கைகளைத் தவிர.

போன வருஷம் குடித்த
ஒரு சுரைக்குடுவைக் குட்டைநீர்.
கண்ணுக்குத் தெரியாத நீர்த்தெள்ளுக்குள் ஒளிந்து வந்தது
அவள் காலோடு நடந்திருக்கிறது
ரும்பெக் சந்தைக்கு, மாட்டுப்பட்டிக்கு,
தங்கையின் கல்யாணத்துக்கு.

கால் எரிகிறதாம்.
குட்டை கூப்பிடு தூரம்.
ஒரு கணம் நனைத்தால் அடங்கும்.
புழு எரிப்பதே அதற்குத்தான்:
அந்த ஒரு கணத்தில்
குட்டை முழுக்கக் குஞ்சு விடும்.

நள்ளிரவில் விழித்தேன். பாயில் ஆளில்லை.
ஓடினேன்.

கரைக்குப் பத்தடி இப்பால் உட்கார்ந்திருந்தாள்.
கையிரண்டும் புல்லைப் பிடித்திருந்தன.
"தவளை கத்துவதைக் கேட்க வந்தேன்" என்றாள்
என்னைப் பாராமல்.

துணியில் வடிகட்டிய நீரை வாளியில் ஊற்றிக்
காலை வைக்கச் சொன்னேன்.
விடியும்வரை அப்படியே.
பிறகு அந்த நீரை
நெடுந்தூரம் தூக்கிப்போய்
வறண்ட மண்ணில் கொட்டிவிட்டு வந்தேன்.

குச்சியில் இன்னும் அரை விரற்கடை
கூடியிருந்தது.