எடைச்சீட்டு

பேட்டையில் என் பழைய இரும்புக் கடைக்கு அவள் வந்த அன்று
பையன்கள் லாரி பேட்டரி உடைத்துக்கொண்டிருந்தார்கள்.
"பாய், இவங்களுக்கு ஈயம் வேணுமாம், தகடா"
என்றாள் கூட வந்த பியூலா டீச்சர்.
எவ்வளவு?
ஜெர்மன்காரி கையை அகல விரித்தாள்.
"ஆத்தங்கரையை மூடுற அளவுக்காம்."

அன்னெக்ரேட் என்று பேர். அறுபது இருக்கும்.
நகக்கண் எல்லாம் கறுப்பு.
தொழில் தெரிந்தவள் என்று
அதில்தான் நம்பிக்கை வந்தது எனக்கு.

சின்ன வயசில் பெர்லினில்
ஆதிச்சநல்லூர்த் தாழி ஒன்றைப் பார்த்தாளாம்,
கண்ணாடிக்குப் பின்னால், காலியாக.
செத்தவரை மடக்கி உட்கார வைத்து
நெல்லும் வைத்து அனுப்புகிற ஊர் எப்படி இருக்கும் என்று
ஐம்பது வருஷம் யோசித்தாளாம்.
"இப்படித்தான் இருக்கும்" என்றேன்,
ஆசிட் ஓடிப் பச்சையாகிப்போன வாய்க்காலைக் காட்டி.
டீச்சர் அதை மொழிபெயர்க்கவில்லை.

அகத்தியர் கமண்டலம் கவிழ்ந்த கதையை மட்டும்
நீளமாகச் சொன்னாள்.
தாமிரம் என்றால் செம்பு என்றதும்
அவளுக்குக் கண் விரிந்தது.
செம்பு கிலோ என்ன விலை, ஈயம் என்ன விலை
என்று நான் சொன்னேன்.
ஆற்றுக்கு யாரோ
விலை கூடின பேராகப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

சித்திரை. கொக்கிரகுளத்தில்
பாறை பாறையாகக் கிடந்தது ஆறு.
படியிலும் கல்லிலும் தகட்டைப் போர்த்தி
கொட்டாப்புளியால் அடித்தாள்.
மூன்று நாள். டொக் டொக் என்று, அவசரமில்லாமல்.
குளிக்க வந்தவர்கள் பல் விளக்கியபடி பார்த்தார்கள்.
பிரித்து எடுத்தால்
படியின் விரிசல், கல்லுளி பட்ட வரி,
யாரோ எப்போதோ துணி துவைத்துத் தேய்ந்த குழி,
எல்லாம் தகட்டில் இருந்தது.

ஈயம் அப்படித்தான். பட்டதை எல்லாம் வாங்கிக்கொள்ளும்.
அடுப்பில் போட்டால் அரை மணியில்
எல்லாவற்றையும் விட்டுவிடும்.
முப்பது வருஷமாக
நான் செய்துவருவது இந்த இரண்டாவது வேலை.

டீ குடிக்கும்போது சொன்னாள்.
தாத்தா ரயில்வே குமாஸ்தா.
சரக்குப் பெட்டிகளுக்குச் சீட்டு எழுதி முத்திரை குத்துவார்.
பெட்டிக்குள் ஆட்கள்.
போனவர்கள் திரும்பவில்லை.
கடைசிவரை அவர் சொன்னது,
"நான் முத்திரைதான் குத்தினேன்."

அந்த ஊர்க் கோயில் கூரையின் ஈயம்
குண்டு விழுந்த ராத்திரி உருகி
வாசல்வரை வடிந்து வந்ததாம்.
அதை உருக்காமல் வைத்திருக்கிறாளாம், வடிந்த மாதிரியே.

டீச்சர் என்னைப் பார்த்தாள்.
உங்களுக்கு ஏதும் ஞாபகம் உண்டா என்று கேட்கிறாள், பாய்.

தொண்ணூத்தொம்போது, ஜூலை.
மாஞ்சோலை எஸ்டேட் சனம் கூலி கேட்டு
மனுவோடு வந்த அன்று
இந்தக் கரையில் தடியடி.
ஓடினவர்களுக்கு ஆறுதான் மிச்சம்.
நான் கடையில் இருந்தேன்.
ரெண்டு வாரம் கழித்து ஒருத்தன்
சாக்கில் சாமான் கொண்டுவந்தான்.
மணல் ஒட்டிய தூக்குவாளி, நசுங்கிய டிபன் பாக்ஸ்,
ஒரு மூடியில் புள்ளி புள்ளியாய்ப் பேர் கொத்தியிருந்தது.

படிக்கவில்லை.

நாலே முக்கால் கிலோ.

"ஒண்ணுமில்ல டீச்சர், யாவாரத்துல
என்ன ஞாபகம் கெடக்கு" என்றேன்.
அதை அவள் மொழிபெயர்த்தாள்.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு ஏற்றுமுன்
எடைச்சீட்டு வேண்டும் என்றார்கள்.
கொடுத்தபோது இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ.
அவள் அடித்து முடித்த பிறகும்
இருநூற்றுப் பன்னிரண்டு.
தராசில் கோளாறு என்று நினைத்து
தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
பையன் சிரித்தான். "இன்னொரு தரம்ல" என்றேன்.
அத்தனை படியை, அத்தனை கல்லை வாங்கியும்
ஒரு கிராம் கூடவில்லை.

பொருள் என்ற கட்டத்தில்
பழைய ஈயம் என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்,
கீழே முத்திரையும்.